காவலாளி வீட்டுக்காரரையே பிடித்த நாள்

இந்த எபிசோடு ஒரே ஒரு ஃபைலைப் பற்றியது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடின எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது இருந்தது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற மெஷின், காலேஜ் லேப், எல்லா இடத்திலும். அதை யாரும் டபுள் கிளிக் பண்ணித் திறந்தது கிடையாது. பெரும்பாலானவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. 2010 ஏப்ரல் 21, புதன்கிழமை, மெக்காஃபி ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைப் பார்த்து "இது வைரஸ்" என்று முடிவு செய்தது. யாரையும் கேட்கவில்லை. பிடித்து உள்ளே போட்டது.

ஒரு நாள் விபத்து மட்டும்னா அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடிச்சிடலாம். ஆனா அதுக்கு முன்னாடியும் இது நடந்திருக்கு, அதுக்குப் பிறகும் நடந்திருக்கு. பல வருஷமா நம்பிப் பயன்படுத்துற ஒரு புரோகிராமை ஆன்டிவைரஸ் ஒரு நாள் சத்தமில்லாம காணாமப் போக வைக்குது. ஏன்? நம்ம கம்ப்யூட்டரில் எது நல்லது, எது கெட்டதுன்னு முடிவு பண்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு? அந்த முடிவு தப்பாப் போனா யார் தலையில் விடியுது? இன்னைக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்.

ஏப்ரல் 21, 2010

முதல்ல அந்த ஃபைல் யாருன்னு பார்ப்போம். பேரு எஸ்விசிஹோஸ்ட். 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்பதன் சுருக்கம். விண்டோஸில் நம்ம கண்ணுக்குத் தெரியாம பின்னாடி நிறைய வேலை நடக்கும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கிறது, அப்டேட் இறக்குறது, சவுண்டைக் கவனிக்கிறது என்று பல சர்வீஸ்கள். இதில் பலது தனி புரோகிராமா இருக்காது, டிஎல்எல் ஃபைலா இருக்கும். அதால தானா ஓட முடியாது. ஷேர் ஆட்டோ மாதிரி, இந்த சர்வீஸ்களை ஏத்திக்கிட்டு ஓடுறதுதான் எஸ்விசிஹோஸ்ட். ஆட்டோவை நிறுத்தினா உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லாரும் நடுரோட்டில் நிற்பாங்க.

வைரஸ் எழுதுறவங்களுக்கும் இந்த ஃபைல் ரொம்பப் பிடிக்கும். எப்பவும் நாலஞ்சு எஸ்விசிஹோஸ்ட் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால அதே பேரில் இன்னொண்ணு நுழைஞ்சாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. சில வைரஸ்கள் அசல் ஃபைலையே மாத்திடும். அதனால ஆன்டிவைரஸ் கம்பெனிகள் அதன் மேல ஒரு கண் வைத்திருந்ததில் தப்பே இல்லை.

அன்றைக்கு மெக்காஃபி அனுப்பின தினசரி அப்டேட்டின் எண் 5958. வெகார்ல் என்ற வைரஸைப் பிடிக்கத்தான் அதில் ஒரு புது அடையாளம் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்த அடையாளம், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் இருந்த அசல் எஸ்விசிஹோஸ்டோடும் பொருந்திப் போனது. அப்டேட் வந்து சேர்ந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. நெட்வொர்க் போனது. பல கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகி, திரும்ப வந்து, மறுபடி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சில ஆஸ்பத்திரிகள், விபத்துக் காயம் மாதிரி அவசரமான கேஸ் தவிர மற்ற நோயாளிகளை எமர்ஜென்சியில் சேர்ப்பதை நிறுத்தின. தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டன. கென்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டன் நகரத்தில் போலீஸ்காரர்கள் ரிப்போர்ட்டைக் கையால் எழுதினார்கள். ரோந்து வண்டியில் இருந்த டெர்மினல்களை முன்னெச்சரிக்கையாக அணைத்து வைத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் 25,000 கம்ப்யூட்டரில் 8,000 விழுந்தது. ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுற மெஷின்களில் சுமார் பத்தில் ஒன்று படுத்துவிட்டது. சில ஊர்களில் கடையையே மூடினார்கள்.

மெக்காஃபி சில மணி நேரத்திலேயே அந்த அப்டேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தவறைச் சரிசெய்த புது அப்டேட்டையும் வெளியிட்டது. இதில் ஒரு கொடுமை இருக்கு, கவனிச்சீங்களா? தீர்வு இன்டர்நெட்டில் இருக்கு. கம்ப்யூட்டருக்கோ இன்டர்நெட்டே கிடையாது. தூரத்தில் உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டி ஆயிரம் மெஷினைச் சாய்க்க முடிந்தது. அதே பட்டனால் ஒரு மெஷினைக்கூட எழுப்ப முடியவில்லை. ஐடி சப்போர்ட் ஆட்கள் பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சேஃப் மோடில் திறந்து, நல்ல எஸ்விசிஹோஸ்ட் ஃபைலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார்கள். 8,000 மெஷின் இருக்கிற இடத்தில் இதுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எப்படி நடந்தது? தங்கள் சோதனை முறையில் சமீபத்தில் செய்த ஒரு மாற்றத்தால்தான் இந்தத் தவறு வெளியே வந்துவிட்டது என்று மெக்காஃபி ஒப்புக்கொண்டது. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் அவங்களோட வைரஸ்ஸ்கேன் 8.7 ஓடுற கூட்டணி, அன்றைய சோதனையில் இல்லை. ஆபீஸ்களில் சர்வசாதாரணமாக இருந்த ஒரு கூட்டணி, லேப்பில் விட்டுப்போயிருந்தது.

கணக்கு என்ன சொல்லுது

'சரியாத் தேடினா தப்பே வராதே'ன்னு தோணலாம். வராமல் இருக்க முடியாதுன்னு 1980-களிலேயே நிரூபிச்சிட்டாங்க.

ஃப்ரெட் கோஹென் என்பவர் அப்போது அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர். 1983-இல், தன்னைத்தானே நகல் எடுத்துப் பரவுகிற ஒரு புரோகிராமை எழுதிக் காட்டினார். 'வைரஸ்' என்ற பெயரைச் சொன்னது அவருடைய ஆசிரியர் லென் ஆடில்மேன். ஆர்எஸ்ஏ என்கிரிப்ஷனில் வருகிற 'ஏ' இவர்தான். 1984-இல் கோஹென் எழுதிய கட்டுரையில் ஒரு நிரூபணம் இருந்தது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் 'வைரஸ்', 'வைரஸ் இல்லை' என்று தப்பில்லாமல் சொல்லக்கூடிய ஒரு புரோகிராமை எழுதவே முடியாது.

வாதம் ரொம்பச் சின்னது. அப்படி ஒரு சர்வ வல்லமை படைத்த ஆன்டிவைரஸ் இருக்குன்னு வச்சுக்குவோம். நான் ஒரு குறும்பான புரோகிராம் எழுதுறேன். அது முதல்ல அந்த ஆன்டிவைரஸ்கிட்ட போய், "நான் வைரஸா?"ன்னு கேட்கும். "ஆமா"ன்னு பதில் வந்தா ஒண்ணும் செய்யாம படுத்துடும். "இல்லை"ன்னு வந்தா உடனே பரவ ஆரம்பிச்சிடும். ஆன்டிவைரஸ் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தப்புதான். அவ்வளவுதான் நிரூபணம்.

இதோட அர்த்தம், ஆன்டிவைரஸ் எப்பவும் ஊகம்தான் செய்யுது. ஊகம் ரெண்டு விதமாத் தப்பலாம். ஒண்ணு, திருடனை விட்டுடறது. இன்னொண்ணு, வீட்டுக்காரரைப் பிடிச்சிடறது. ரெண்டாவதைத்தான் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்கிறோம். சல்லடைக் கண்ணைச் சின்னதாக்கினால் நல்ல அரிசியும் மாட்டும், பெரிசாக்கினால் கல்லும் நழுவும். எவ்வளவு சின்னதா இருக்கணும் என்று கம்பெனிதான் முடிவு செய்யுது.

ஆரம்பத்தில் வேலை எளிது. டாஸ் காலத்தில் வைரஸ்களின் எண்ணிக்கை குறைவு. ஒவ்வொரு வைரஸிலும் அதற்கே உரிய ஒரு பைட் வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு, ஃபைல்களில் அது இருக்கிறதா என்று தேடினால் போதும். இதுதான் சிக்னேச்சர். அப்போதெல்லாம் ஸ்கேன் நாம் ஓட்டினால்தான் ஓடும். ஏதாவது கிடைத்தால், "சுத்தம் பண்ணவா, அழிக்கவா, விட்டுடவா?" என்று கேட்கும். கடைசி வார்த்தை நம்மளோடது.

பிறகு வெள்ளம் வந்தது. ஏவி-டெஸ்ட் என்ற ஜெர்மன் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, இப்போது ஒரு நாளைக்கு 4,50,000-க்கும் மேல் புதிய தீங்கு புரோகிராம்களும் வேண்டாத புரோகிராம்களும் பதிவாகின்றன. ஒவ்வொன்றையும் மனுஷன் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் பைட் வரிசையை விட்டு நடத்தையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தினமும், சில நேரம் மணிக்கு ஒரு முறை, அப்டேட் போக ஆரம்பித்தது. கேள்வி கேட்கிற வழக்கமும் மெல்ல மறைந்தது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. ரேன்சம்வேர் ஒண்ணு உள்ளே நுழைஞ்சிட்டா, "என்ன பண்ணட்டும்?"ன்னு கேட்டுட்டு நாம காபி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. அதுக்குள்ள கல்யாண ஃபோட்டோ எல்லாம் பூட்டப்பட்டிருக்கும்.

அதனால் முதல்ல பிடி, பிறகு சொல்லு. சில நேரம் சொல்லவே சொல்லாதே. அந்தப் பிடித்து வைக்கிற இடம்தான் குவாரன்டைன். அந்தச் சொல் பழைய வெனிஸ் துறைமுகத்தில் இருந்து வந்தது. பிளேக் பயத்தில், வந்த கப்பலை 40 நாள் தள்ளி நிறுத்தி வைப்பார்கள். இத்தாலிய மொழியில் 40-ஐக் குறிக்கும் சொல்லில் இருந்து பிறந்த பெயர். ஆன்டிவைரஸும் ஃபைலை உடனே அழிப்பதில்லை. அதை ஓட முடியாதபடி உருமாற்றி, தனியாக ஒரு பூட்டிய ஃபோல்டரில் வைக்கிறது. ஒரு வித்தியாசம்தான். வெனிஸில் 40 நாள் கழித்து நோய் இல்லை என்றால் கப்பலை ஊருக்குள் விட்டார்கள். இங்கே பல புரோகிராம்களில், குறிப்பிட்ட நாள் கழிந்தால் உள்ளே இருப்பது தானாக அழிந்துவிடும்.

லேப்புக்கு வெளியே இருப்பவர்கள்

இப்போது கொஞ்சம் பின்னாடி போவோம். மெக்காஃபிக்கு முன்னாடி நடந்த ரெண்டு சம்பவங்களைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு விஷயம் புலப்படும்.

2007 மே மாதம், சீனா. சிமான்டெக் கம்பெனியின் நார்ட்டன் ஆன்டிவைரஸ், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த இரண்டு சிஸ்டம் ஃபைல்களை ஹாக்ஸ்டோர் என்ற டிரோஜன் என்று பிடித்தது. கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. சேஃப் மோடும் திறக்கவில்லை. விண்டோஸ் சிடியைத் தேடி எடுத்து ஃபைல்களைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் முடங்கின. பிறகு சிமான்டெக் நஷ்ட ஈடாகக் கொடுத்தது என்ன தெரியுமா? அதே நார்ட்டன் லைசென்ஸை இன்னும் 12 மாதம் நீட்டித்தது. கூடவே ஒரு பேக்கப் மென்பொருள்.

2008 நவம்பர். ஏவிஜி ஆன்டிவைரஸ், விண்டோஸ் எக்ஸ்பியின் யூசர்32 என்ற ஃபைலை, பேங்க் பாஸ்வேர்டு திருடுற டிரோஜன் என்று பிடித்தது. ஸ்கிரீனில் விண்டோ வருவது, பட்டன் வருவது எல்லாமே அந்த ஃபைல் வழியாகத்தான். மாட்டியவை டச்சு, பிரெஞ்சு, இத்தாலியன், போர்ச்சுகீசிய, ஸ்பானிஷ் மொழி விண்டோஸ்கள். ஆங்கில விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சீன மொழி விண்டோஸ். டச்சும் ஸ்பானிஷும். சோதனையில் விட்டுப்போன சர்வீஸ் பேக் 3. மூணு கதையிலும் அடி வாங்கினது, எந்தக் கம்ப்யூட்டர் சோதனை மேஜையில் சரியாக இடம் பெறவில்லையோ அதுதான். 'நம்பகமான ஃபைல்' என்பதற்கு நமக்கு ஒரு அர்த்தம், ஆன்டிவைரஸுக்கு வேற அர்த்தம். நமக்குப் பழகினது, வருஷக்கணக்கா உழைச்சது நம்பகமானது. அதுக்கோ லிஸ்டில் பேர் இருந்தால் நம்பகமானது. பேர் இல்லையா, பத்து வருஷம் உழைச்சிருந்தாலும் இன்னைக்குக் காலையில் வந்த வேத்து ஆள்தான்.

இதில் உச்சம் 2012 செப்டம்பர் 19. சோஃபோஸ் ஆன்டிவைரஸ், மற்ற புரோகிராம்களின் அப்டேட்டர்களை வைரஸ் என்று பிடித்தது. அந்த வரிசையில் தன்னுடைய சொந்த அப்டேட்டரையும் பிடித்தது. பிடித்ததை அப்புறப்படுத்தும்படி செட்டிங் வைத்திருந்த இடங்களில், தவறைத் திருத்துகிற அப்டேட்டை வாங்க ஆள் இல்லாமல் போய்விட்டது. காவலாளி தன்னையே கைது பண்ணி, சாவியையும் உள்ளே வச்சுப் பூட்டிக்கிட்ட கதை.

சின்ன ஆட்களின் பாடு

இதுவரை சொன்னது பெரிய ஃபைல்களின் கதை. பெரிய ஃபைல் மாட்டினா உலகமே கத்தும், அதனால சீக்கிரம் சரியாகும். 2011 செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ், கூகுள் குரோமை ஸீபாட் என்ற பாஸ்வேர்டு திருடும் டிரோஜன் என்று சொல்லி நீக்க ஆரம்பித்தது. சுமார் 3,000 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அன்றே திருத்தம் வந்தது. 2022 செப்டம்பரில் விண்டோஸ் டிஃபெண்டர், குரோமையும் டிஸ்கார்டு மாதிரியான ஆப்களையும் பார்த்துத் திரும்பத் திரும்ப எச்சரிக்கை அடித்தது. அதுவும் சீக்கிரமே சரியானது.

தனி ஆளாக ஒருத்தர் எழுதின, சில ஆயிரம் பேர் மட்டும் பயன்படுத்துகிற புரோகிராம் மாட்டினா? இஸ்ரேலைச் சேர்ந்த நிர் சோஃபர் என்ற டெவலப்பர், நிர்சாஃப்ட் என்ற பெயரில் 2000-களின் தொடக்கத்தில் இருந்து சின்னச் சின்ன விண்டோஸ் டூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறார். பல சிஸ்டம் அட்மின்களின் பென்டிரைவில் அவருடைய டூல்கள் கட்டாயம் இருக்கும். ஆன்டிவைரஸ் கம்பெனிகளால் சின்ன டெவலப்பர்களுக்கு வருகிற தலைவலியைப் பற்றி 2009-இல் அவர் விரிவாக எழுதினார். அவருடைய டூல்களில் சில, நாம் மறந்துபோன பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துக் காட்டும். அதே வேலையைத் திருடனும் செய்யலாம் என்பது உண்மை. கத்தி காய்கறியும் நறுக்கும், கையையும் அறுக்கும். ஆனால் 'இது பாஸ்வேர்டு காட்டும் டூல், கவனமாக இருங்கள்' என்று சொல்வதற்கும், 'இது டிரோஜன்' என்று முத்திரை குத்துவதற்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? முத்திரையைப் பார்த்த பயனர் ஆன்டிவைரஸைத் திட்ட மாட்டார். "வைரஸ் வச்சுக் கொடுத்துட்டான்"னு டெவலப்பரைத்தான் திட்டுவார்.

பழைய புரோகிராம்களுக்கு இன்னொரு சிக்கல். ஃபிளாப்பியும் டயல்-அப்பும் இருந்த காலத்தில் ஃபைல் அளவு ரொம்ப முக்கியம். அதனால் பல டெவலப்பர்கள் யுபிஎக்ஸ் மாதிரி பேக்கர்களைக் கொண்டு தங்கள் புரோகிராமைச் சுருக்கி அனுப்பினார்கள். வைரஸ்காரர்களும் தங்கள் கோடை மறைக்க அதே பேக்கர்களைப் பயன்படுத்தினார்கள். விளைவு, 'பேக் பண்ணியிருக்கா? சந்தேகம்!' என்ற விதி. அன்றைக்குச் சிக்கனமாக இருந்தது இன்றைக்குக் குற்றத்தின் அடையாளம்.

2009-இல் வெளியான நார்ட்டன் 2010 பதிப்பு, ஃபைலுக்கு நற்பெயர் மதிப்பெண் போடுகிற முறையைக் கொண்டுவந்தது. இந்த ஃபைலை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு நாளாக உலகில் இருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண். பிறகு மைக்ரோசாஃப்டும் ஸ்மார்ட்ஸ்கிரீன் மூலம் அதே பாதையில் வந்தது. யோசனை புத்திசாலித்தனமானதுதான். இன்று காலையில் பிறந்த வைரஸை அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் உலகத்தில் 50 பேர் மட்டும் பயன்படுத்துகிற ஒரு நல்ல புரோகிராமுக்கு இந்தத் தேர்வில் பாஸ் மார்க் எப்படிக் கிடைக்கும்? கையெழுத்துச் சான்றிதழ் வாங்கலாம்னா, அதுக்கு வருஷா வருஷம் காசு கட்டணும். இலவசமாக் கொடுக்கிறவர் கைக்காசைப் போட்டுத் தன் நேர்மையை நிரூபிக்கணும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ் டைப்பிங் டூல்கள். விண்டோஸில் தமிழ் எழுதுவது சுலபமாக இல்லாத நாட்களில், தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த கீபோர்டு புரோகிராம்களை வைத்துத்தான் பலரும் தமிழ் எழுதினார்கள். அது எப்படி வேலை செய்யும்? நீங்க ஒவ்வொரு கீயை அழுத்தும்போதும் நடுவில் பிடித்து, அதை வாங்கி, அதுக்குப் பதிலாத் தமிழ் எழுத்தைப் போடும். எல்லா ஆப்பிலும், எல்லா நேரமும். ஆன்டிவைரஸ் கண்ணால பாருங்க. கீ அழுத்தத்தை எல்லாம் ஒளிஞ்சிருந்து வாங்குறது யாரு? கீலாகர்! கூடவே கையெழுத்துச் சான்றிதழ் கிடையாது, பயனர் எண்ணிக்கை குறைவு. மொழி சின்னதாக இருந்தால் அதன் கருவிகளுக்கும் சாட்சி சொல்ல ஆள் குறைவு.

கெட்ட பேர் பரவுகிற வேகம்

சரி, ஒரு கம்பெனி தப்பாப் பிடிச்சா மற்ற கம்பெனிகள் சரியாச் சொல்லுமே? 2010-இல் கேஸ்பர்ஸ்கி கம்பெனி இதைச் சோதித்துப் பார்த்தது.

வைரஸ்டோட்டல் என்ற இணையதளம் 2004-இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012-இல் கூகுள் வாங்கியது. ஒரு ஃபைலை அங்கே ஏற்றினால், பல ஆன்டிவைரஸ்களும் அதைப் பற்றி என்ன நினைக்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். ஏற்றிய ஃபைல்களின் மாதிரி அந்தக் கம்பெனிகளுக்கும் போகும். கேஸ்பர்ஸ்கி 20 சுத்தமான ஃபைல்களைத் தயாரித்தது. அதில் 10 ஃபைல்களை மட்டும் தன்னுடைய ஆன்டிவைரஸ் வேண்டுமென்றே 'வைரஸ்' என்று சொல்லும்படி செய்து, வைரஸ்டோட்டலில் ஏற்றியது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட அந்த ஃபைல்களை 14 கம்பெனிகள் வரை 'வைரஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தன. உள்ளே ஒன்றுமே இல்லாத ஃபைல்கள். ஒருத்தர் சொன்னதை வைத்து இன்னொருத்தர், அவரை வைத்து மூன்றாமவர். தெருவில் ஒரு வீட்டைப் பற்றிக் கிளம்புற வதந்தி மாதிரியே.

அதனால, '14 ஆன்டிவைரஸ் சொல்லுது'ன்னா 14 சாட்சின்னு அர்த்தம் இல்லை. ஒரே சாட்சியோட 14 எதிரொலியாகவும் இருக்கலாம்.

பதினான்கு வருஷம் கழித்து

2024 ஜூலை 19 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியின் ஒரு அப்டேட், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் தள்ளியது. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ் ஃபோட்டோ வைரலானது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது ஃபால்ஸ் பாசிட்டிவ் இல்லை. எந்த நல்ல ஃபைலையும் அது வைரஸ் என்று சொல்லவில்லை. அனுப்பின தகவல் ஃபைலில் இருந்த பிழையால், அதைப் படித்த மென்பொருளே விண்டோஸின் அடிமடியில் இருந்தபடி விழுந்தது. ஆனால் மற்ற எல்லாம் 2010-இன் மறு ஒளிபரப்பு. அவசர அப்டேட், சோதனையில் ஒரு ஓட்டை, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அனுப்பினது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் திரும்ப எடுத்தது, அப்புறமும் மெஷின் மெஷினாக ஆள் போய்ச் சரிசெய்தது. இன்னொரு தகவல்: கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ், 2010-இல் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. இதை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. இரண்டுக்கும் நடுவில் 14 வருஷம் இருந்தும், இந்தத் தொழில் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் கவலை.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் புரியாதது இல்லை. ஒரு வைரஸை விட்டுட்டா கம்பெனி பேர் தலைப்புச் செய்தியில் நாறும். யாரோ ஒருத்தரோட சின்னப் புரோகிராமைத் தப்பாப் பிடிச்சா ஒரு செய்தியும் வராது. ரெண்டு தப்புக்கும் தண்டனை ஒரே அளவு இல்லை. அப்போ சல்லடைக் கண் எந்தப் பக்கம் சுருங்கும்?

தப்பே செய்யாதீங்கன்னு கேட்க முடியாது, கோஹெனோட நிரூபணம் அதுக்கு இடம் கொடுக்காது. கேட்க வேண்டியது வேற மூணு. ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீங்க, நூற்றில் ஒருத்தருக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் பார்த்துட்டு மீதியை அனுப்புங்க. 2024-க்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக்கே இப்படிப் படிப்படியாக அனுப்பப் போவதாகச் சொன்னது. ரெண்டு, பிடிச்சா சொல்லுங்க, எதைப் பிடிச்சீங்க, ஏன் பிடிச்சீங்கன்னு மனுஷன் பாஷையில் சொல்லுங்க. மூணு, சின்ன டெவலப்பர் கொடுக்கிற புகாருக்கும் குரோமுக்குக் கிடைக்கிற வேகத்தில் பாதியாவது கொடுங்க.

நாம என்ன செய்யலாம்? ரொம்ப நாள் வேலை செஞ்ச புரோகிராம் திடீர்னு திறக்கலைன்னா, 'கரப்ட் ஆயிடுச்சு'ன்னு ரீஇன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸின் குவாரன்டைன் லிஸ்டைப் பாருங்க. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'னு ஒரு பக்கம் இருக்கு. உள்ளே இருந்தா, உடனே 'ரீஸ்டோர்' தட்டிடாதீங்க. பழைய ஃபைலை நிஜமாவே ஒரு வைரஸ் மாத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. டெவலப்பரோட தளத்தில் ஹாஷ் கொடுத்திருந்தா ஒப்பிட்டுப் பாருங்க. நல்ல ஃபைல்தான்னு உறுதியானா அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்குக் கொடுங்க, மொத்த டிரைவுக்கும் கொடுக்காதீங்க. ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு 'இது தப்பு'ன்னு புகார் அனுப்புங்க. பெரும்பாலான கம்பெனிகள் அதுக்கு ஒரு ஃபார்ம் வச்சிருக்காங்க. ரெண்டு நிமிஷ வேலை, ஆனா லிஸ்டில் இல்லாத ஒரு புரோகிராமுக்கு அதுதான் சாட்சி. டெவலப்பருக்கும் ஒரு மெயில் போடுங்க, திட்டி இல்லை, தகவல் சொல்லி.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. கோபத்தில் ஆன்டிவைரஸையே அணைச்சுப் போட்டுடறது. 'புலி வருது, புலி வருது' கதை நமக்கு எல்லாருக்கும் தெரியும். அதில் பொய் சொன்னது பையன், ஆனா கடைசியில் புலி நிஜமாவே வந்தது. தப்பான எச்சரிக்கை ஒவ்வொண்ணும், அடுத்த உண்மையான எச்சரிக்கையை நாம தட்டி விடுற வாய்ப்பைக் கூட்டுது. ஆன்டிவைரஸ் கம்பெனிகள் ஃபால்ஸ் பாசிட்டிவை ஏதோ சின்னத் தொந்தரவாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

உங்க பழைய புரோகிராம் ஏதாவது இப்படி மாட்டியிருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.